சுவரில் ஒன்பது கத்திகள்

செப். 29, திங்கள்

மழைமானி காலை எட்டரைக்கு: 4 மி.மீ. பத்து மணி வரை மூடுபனி. அட்டை ஏகம். கூட வேலை பார்க்கும் பேச்சியம்மா காலில் ஏழு, என் காலில் ஒன்றே ஒன்று. அதுவும் வழி தெரியாமல் வந்ததாக இருக்கும்.

பெரட்டுக்குப் பதினாலு பேர். காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவதற்கு எங்கள் வீட்டில் அதுதான் சொல். அம்மாவும் அப்பாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த சாமான்களில் இன்னும் கெடாமல் இருப்பவை இந்த மாதிரி நாலைந்து சொற்கள்தான். பேச்சி இன்றைக்கும் ஆரம்பித்தாள்.

"அலவாங்கு எடுத்துட்டு வாங்கிறியே, கடப்பாரைன்னு சொன்னா ஒனக்கு வாய் வலிக்குமாத்தா?"

"இருவது வருசமா இதையே கேக்குற. இப்ப எடுத்துட்டு வந்தியே, அது என்னான்னு தெரியாமலா எடுத்துட்டு வந்த?"

புதன்கிழமை ஆயுத பூஜை. அதனால் மதியத்துக்கு மேல் காப்பிக் காட்டில் வேலை இல்லை. ஸ்டோர் வாசலில் சாமான் கழுவும் வேலை. மேற்பார்வை நான். மேற்பார்வை என்றால் என் சாமானை நான் கழுவுவது, மற்றவர்கள் சரியாகக் கழுவவில்லை என்று திட்டுவது.

என்னுடையவை:

கம்பூட்ஸ். இடது காலில் சைக்கிள் டியூப் ஒட்டு, இரண்டு இடம். ஒட்டிய இடம் ஒழுகியதே இல்லை. ஒட்டாத இடத்தைத்தான் நம்ப முடியாது.

படங்கு. இடுப்பைச் சுற்றிக் கட்டும் தார்ப்பாய்த் துண்டு. ஈரச் செடிக்குள் நாள் முழுக்க நின்றாலும் சேலை நனையாது. ஓரம் மூன்று தடவை மடித்துத் தைத்தாகிவிட்டது. இனி மடித்தால் இடுப்புக்குப் பற்றாது. இடுப்பும் சும்மா இருக்கவில்லை.

குடை, பன்னிரண்டு கம்பி. துணி இரண்டு தடவை மாற்றியது.

டார்ச், ஸ்டீல், ரெண்டு பேட்டரிக் கட்டை போடுவது. தட்டினால் எரியும். எங்கே தட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக, கவ்வாத்துக் கத்தி. காப்பிச் செடியில் வேண்டாத கிளை கழிக்க. வேலைக்குச் சேர்ந்த வருடம் வத்தலக்குண்டுப் பட்டறையில் நானே நின்று அடித்து வாங்கியது. இருபத்தாறு வருடம். வாங்கும்போது மூன்று விரல் அகலம், இப்போது இரண்டரை. நுனி கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும். பிடி கொய்யாக்கட்டை, இது மூன்றாவது பிடி. எரிந்துபோன மோட்டாரிலிருந்து எடுத்த செம்புக் கம்பியைப் பிடியின் கழுத்தில் பதினோரு சுற்று சுற்றியிருக்கிறேன். கட்டைவிரல் போய் உட்காரும் இடத்தில் ஒரு குழி. நான் வெட்டிய குழி இல்லை. என் விரல் தேய்த்துத் தேய்த்து விழுந்தது.

தீட்டுவது நான் மட்டும். வேறு யாரும் தொட முடியாது. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பொங்கலுக்கு க. உதவி செய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து தீட்டினார். கூர் அலை அலையாகப் போய்விட்டது. சரிசெய்ய ஒரு வாரம். மூன்று நாள் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

(க. என்றால் என் வீட்டுக்காரர். முழுப் பேரையும் எழுதினால் திட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது.)

க. இதே தோட்டத்தில் ஜீப் டிரைவர். இன்று அவருக்கு மறுபடியும் ஒரு பார்சல். தலையில் மாட்டும் டார்ச்சாம். வீட்டில் இதோடு நாலாவது. முந்திய மூன்றில் ஒன்று எரிகிறது, அதுவும் சிவப்பாக. இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறோமோ தெரியவில்லை.

பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

செப். 30, செவ்வாய்

மழை: இல்லை. காலையிலேயே வெயில். வடகவுஞ்சி பக்கம் வரை மலை தெளிவாகத் தெரிந்தது.

மேடம் வந்தார். தோட்ட முதலாளி ஐயாவின் மகள். போன வருடம் ஐயாவுக்குக் கால் முடியாமல் போனதும் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து பொறுப்பெடுத்தவர். முப்பது வயதுதான் இருக்கும். கெட்டிக்காரி. வந்த மாதமே மிளகுக்கொடி ஒவ்வொன்றையும் நடந்து போய் எண்ணினார். சும்மா சொல்லக் கூடாது, நான் கூட அவ்வளவு நடந்ததில்லை.

பழைய பங்களாவை ஹோம்ஸ்டே ஆக்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முதல் விருந்தாளிகள். சாப்பாட்டு அறையில் ஆசாரி வேலை இன்னும் ஓடுகிறது.

"செல்வி அக்கா, ஸ்டோர்ல இருக்கிற டூல்ஸ் எல்லாம் ஒரு லிஸ்ட் வேணுமே. பழசு மட்டும். பூஜைக்கு எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துடும்ல?"

"வந்துரும் மேடம். கவ்வாத்துக் கத்தி மொதக்கொண்டு வந்துரும்."

உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். கவ்வாத்துக் கத்தி 9, மண்வெட்டி 6, களைக்கொத்து 11, அலவாங்கு 2 (அடித்துவிட்டுக் கடப்பாரை). அழகான கையெழுத்து என்றார். எனக்குப் பெருமை.

க. பூஜைத் தேங்காய்க்கும் வாழையிலைக்கும் அய்யம்பாளையம் போனார். மேடத்தை முதலில் செண்பகனூரில் இறக்கிவிட்டுப் போகவேண்டும் என்று வெள்ளனே கிளம்பினார். திரும்பி வர நாலு மணி. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், "ஒரு சோலி இருந்துச்சு" என்கிறார். தேங்காய் இறக்கும்போது யாரையும் முன்சீட்டுப் பக்கம் விடவில்லை. இன்னொரு டார்ச் வாங்கியிருப்பார்.

மாத்திரை வாங்கிவரச் சொன்னது மறந்துவிட்டது. அவருக்கு.

அக். 1, புதன். ஆயுத பூஜை

மழை 2 மி.மீ. ஊற்றியது என்று சொல்ல முடியாது.

ஸ்டோரில் சாமி படத்துக்கு முன்னால் சாமான் எல்லாம் வரிசை. சந்தனம், குங்குமம், பொரி, சுண்டல். ஜீப்புக்கு மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். நான் என் கத்தியின் கிளி மூக்கில் ஒரு பொட்டு, செம்புக் கம்பியில் ஒரு பொட்டு வைத்தேன். எண்ணெய் போட்டுத் துடைத்த கத்திகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தால் மனதுக்கு ஒரு நிறைவு வருகிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொருத்தர் கைக்குத் தகுந்த மாதிரி தேய்ந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எது யாருடையது என்று சொல்லுவேன். யாரும் கேட்பதில்லை.

பூஜை முடிந்ததும் மேடம் ஆளுக்கொரு பை கொடுத்தார். புது பூட்ஸ், மழைக்கோட்டு, மடக்கு ரம்பம், தண்ணீர் பாட்டில். கேட்காமலே கொடுத்தார். இந்த மலையில் எத்தனை தோட்டத்தில் இப்படிச் செய்கிறார்கள்? பேச்சி பூட்ஸை அங்கேயே மாட்டிக்கொண்டு நடந்து காட்டினாள். ஸ்டோர் நாய் அவளைப் பார்த்துக் குரைத்தது.

"ஏலே, நாந்தாண்டா! வெலகு!"

மழைக்கோட்டு நல்ல மஞ்சள். அதைப் போட்டுக்கொண்டு நின்றால் என்னைப் பள்ளிக்கூட வேன் என்று நினைத்துப் பிள்ளைகள் ஏறிக்கொள்ளும். துணி தரமான துணிதான், குறை சொல்ல மாட்டேன். பூட்ஸும் தரம். குதிகாலில் மட்டும் கடிக்கிறது.

மேடம் போகும்போது சொன்னார்: "பழசையெல்லாம் இனிமே நாங்க பாத்துக்கிறோம்க்கா."

சரிங்க மேடம் என்றேன். பூஜை போட்ட இரும்பை அன்றைக்குத் தொடக் கூடாது. ராத்திரி ஸ்டோரிலேயே இருக்கும், விடிந்து மறு பூஜை போட்டுவிட்டுத்தான் எடுப்போம். எப்போதும் அப்படித்தான். பூட்டிச் சாவியை க.விடம் கொடுத்தேன்.

சுண்டல் மிச்சம் இரண்டு தூக்கு. எல்லாருக்கும் கொடுத்தும் தீரவில்லை.

அக். 2, வியாழன்

மழை பார்க்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் இது மூன்றாவது தடவையாக இருக்கும்.

ஸ்டோரைத் திறந்தேன். படம் இருக்கிறது, வாழையிலை இருக்கிறது, தரையில் சந்தனம் சிந்திய தடம் இருக்கிறது. சாமான் ஒன்றுகூட இல்லை.

திருட்டு என்று நினைத்துக் கத்திவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது. விடிகாலையில் க. எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிப் பங்களாவுக்குக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். மேடம் உத்தரவு. சாப்பாட்டு அறைச் சுவரில் அலங்காரமாக மாட்டப் போகிறார்களாம். கத்தி, மண்வெட்டி, களைக்கொத்து எல்லாம்.

"என் கத்தியையுமா ஏத்துனீங்க?"

"ஏத்தச் சொன்னாங்க. ஏத்துனேன்."

"அது என் சொந்தக் கத்தின்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"லிஸ்ட்டுல ஒம்பதுன்னு எழுதி நீதான குடுத்த. ஒம்பதையும் எண்ணித்தான் எடுத்தாங்க."

நான்தான் எழுதினேன். மண்வெட்டி, கொத்து, கடப்பாரை தோட்டத்துடையது. கத்தி மட்டும் அவரவர் சொந்தம். இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் அது யாருடையது என்று லிஸ்டில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வந்து ஒரு வருடமான மேடத்துக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அழகான கையெழுத்தில் நானே என் கத்தியைத் தாரை வார்த்துவிட்டேன்.

க.வுடன் பேச்சு இல்லை. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து பார்த்த மனுஷன். "இது மட்டும் அவளோடது" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாலு டார்ச் வாங்கும் ஆளுக்கு ஒரு கத்தியின் அருமை எங்கே தெரியப் போகிறது.

சாப்பாடு போட்டு மூடி வைத்தேன். தேத்தண்ணி போடவில்லை.

அக். 3, வெள்ளி

மழை 11 மி.மீ. மதியத்துக்கு மேல் இடி.

மடக்கு ரம்பத்தோடு காட்டில் முதல் நாள். நியாயமாகவே எழுத வேண்டும். தடிக் கிளைக்கு அருமையான சாமான். பலா மரத்தில் ஒடிந்து தொங்கிய கிளையைப் பேச்சி ஐந்து நிமிடத்தில் அறுத்து இறக்கினாள். "வெண்ணெய் மாதிரி போகுதுத்தா!" என்று சிரித்தாள்.

ஆனால் காப்பிச் செடியில் எங்கள் வேலை இளங்கொப்பு கழிப்பது. சுண்டுவிரல் கனம். அதை அறுக்க முடியாது, அது ரம்பத்தோடு சேர்ந்து ஆடுகிறது. ஒரு கையால் கொப்பைப் பிடித்து, இன்னொரு கையால் அறுத்து, அப்புறம் நிமிர்ந்து. கத்தி என்றால் நடக்கிற போக்கில் ஒரு இழு. கொப்பு கீழே, ஆள் அடுத்த செடியில். வெட்டுவாய் வழவழ என்று இருக்கும், செடி ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

ஒரு வரிசை முடிப்பதற்குள் நாலு தடவை என் வலது கை இடுப்புக்குப் போயிற்று. படங்கின் கயிற்றில் எப்போதும் செருகியிருக்கும் இடத்துக்கு. கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

அழுகை வந்தது. இரும்புக்காகவா என்று யாராவது கேட்பார்கள். இரும்புக்காகத்தான். வேறு எதையும் மனதில் வைத்துக்கொண்டு அழவில்லை. எனக்கு அந்தக் கத்தி வேண்டும்.

பேச்சி பார்த்துவிட்டாள். அவள் கத்தியும்தான் போயிருக்கிறது, அவளுக்கு அதில் ஒரு கவலையும் இல்லை.

"போயிக் கேளுத்தா. வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? நம்ம மேல எரிஞ்சு விழற புள்ளையா அது?"

காட்டுமாடு கிழக்கு வேலியில் இரண்டு கல்லைச் சாய்த்துவிட்டது. நாளைக்கு ஆள் போட வேண்டும்.

அக். 4, சனி

மழை 7 மி.மீ. மலைவாழைத் தார் இரண்டு பங்களாவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அதைச் சாக்காக வைத்து நானே போனேன்.

சாப்பாட்டு அறை. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருக்கிறது. வெள்ளைச் சுவரில் கொத்தும் மண்வெட்டியும் பூக்கோலம் மாதிரி. நடுவில், உயரத்தில், ஒன்பது கத்தி, விசிறி விரித்த மாதிரி. எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயிண்ட். பிடி தெரியாமல் சணல் கயிறு சுற்றியிருக்கிறது. அண்ணாந்து நின்று தேடினேன். எது என்னுடையது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன் என்று எழுதியவள்தான்.

ஆசாரி ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"பயப்படாம பக்கத்துல வாங்கம்மா. விருந்தாளிங்க புள்ளகுட்டியோட வருவாங்கன்னு மெசின்ல கத்திக் கூரெல்லாம் மழுக்கிட்டோம். இப்ப வெரல வச்சுத் தேச்சாலும் அறுக்காது."

வாழைத்தாரைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்தாறு வருடக் கூர். மெஷினில் எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மேடம் வந்தார். நேரே கேட்டேன். சுற்றிவளைக்க எனக்கு வராது.

"மேடம், அதுல ஒண்ணு, கழுத்துல செம்புக் கம்பி சுத்துனது, என் சொந்தக் கத்தி. எனக்குத் திருப்பித் தரணும்."

அவர் முகம் போன போக்கு. "அக்கா! அது உங்க பர்சனலா? எல்லாமே எஸ்டேட்டோடதுன்னு நினைச்சேன். லிஸ்ட்ல..."

"லிஸ்ட்டுல நான்தான் எழுதாம விட்டுட்டேன். தப்பு எம்மேலதான்."

"ஐயோ, ஸாரிக்கா. கூர் எல்லாம் எடுத்துட்டாங்களே."

"கூர் போனா போகட்டும் மேடம். இரும்பு இருக்குல்ல."

திங்கள்கிழமை கழற்றித் தருகிறேன், நாளைக்கு விருந்தாளிகள் வருவதால் அதுவரை மட்டும் இருக்கட்டும் என்றார். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கெட்டிக்காரி என்று எழுதினேன், நல்ல பிள்ளை என்றும் எழுத வேண்டும்.

மழுங்கிய கத்திக்கு மறுபடி கூர் ஏற்ற எத்தனை நாள் ஆகும் என்று வழி நெடுகக் கணக்குப் போட்டேன். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தை பிறப்பதற்குள் முடியலாம். அகலம் இரண்டு விரலுக்கு வந்துவிடும். பரவாயில்லை, நானும்தான் பாதி ஆகிவிட்டேன்.

அக். 5, ஞாயிறு

மழை 31 மி.மீ. இந்த மாதத்தில் இதுதான் அதிகம். மாதம் பிறந்தே ஐந்து நாள்தான் என்றாலும்.

லீவு. துணி காயவில்லை. வீட்டுக்குள் கொடி கட்டி, குனிந்து குனிந்து நடக்க வேண்டியிருக்கிறது.

க.விடம் மூன்று நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை: "நாளைக்கு மேடம் கத்திய எறக்கித் தர்றாங்க." சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் டம்ளரைக் கீழே போட்டார்.

"எந்தக் கத்திய?"

"எத்தனை கத்தி இருக்கு எனக்கு?"

"நீ போயிக் கேட்டியா? நேராவா கேட்ட?"

"பின்ன, சாடைமாடையாவா கேப்பாங்க?"

அப்படியே மழையில் எழுந்து ஜீப்பைப் பார்க்கப் போய்விட்டார். குற்ற உணர்ச்சி என்று நினைக்கிறேன். இருக்கட்டும்.

அவர் கட்டைவிரலில் பிளாஸ்திரி. என்ன என்று கேட்டதற்கு, ஜீப் கதவு கடித்துவிட்டது என்கிறார். கொல்லைப்புறம் என் தீட்டுக்கல் ஈரமாகக் கிடந்தது. சாரல் அடித்திருக்கும். உள்ளே எடுத்து வைத்தேன், நாளைக்கு வேலை இருக்கிறது அதற்கு.

அக். 6, திங்கள்

மழை 9 மி.மீ. பெரட்டு முடித்து, பேச்சியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பங்களாவுக்குப் போனேன்.

விருந்தாளிகள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். மேடம் தானே ஸ்டூல் போட்டு ஏறி ஒரு கத்தியைக் கழற்றியிருந்தார். சணலைப் பிரித்து, பெயிண்டையும் முடிந்த வரை துடைத்து வைத்திருந்தார். செம்புக் கம்பி என்று நான் சொன்ன அடையாளத்துக்கு அதன் கழுத்திலும் ஏதோ கம்பி இருந்தது. சிரித்த முகமாக என் கையில் நீட்டினார்.

"கைக்குக் கை வேணாம் மேடம். இரும்பு, சண்டை வந்துரும்பாங்க. கீழ வைங்க, நான் எடுத்துக்கிறேன்."

மேஜைமேல் வைத்தார். எடுத்தேன். எடுத்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்தது. நுனிப்பக்கம் கனம். கட்டைவிரல் குழி இல்லை. சுற்றியிருப்பது இரும்புக் கம்பி, ஏழு சுற்று.

அந்தப் பிள்ளை ஸ்டூலில் ஏறிக் கழற்றியது. வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வாயில் வரவில்லை.

"மேடம், இது என்னுது இல்லைங்க."

மற்ற எட்டையும் இறக்கினோம். சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகச் சணலைப் பிரித்தோம். இது பேச்சியுடையது, மூக்கு உடைந்தது, வேலிக்கல்லில் வெட்டிவிட்டாள். இது கிழக்குக் காட்டுப் பொன்னுத்தாயுடையது, இடக்கைக்காரி, தேய்மானம் மறுபக்கம். இப்படி எட்டுக்கும் ஆள் சொல்லிவிட்டேன். மேடம் என் முகத்தையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். போனில் குறித்துக்கொண்டே வந்தார்.

முதலில் கழற்றிய அந்த ஒன்பதாவது யாருடையதும் இல்லை. இந்தத் தோட்டத்துக் கத்தியே இல்லை.

"எண்ணித்தானேக்கா இறக்கினாங்க? ஒன்பதும் சரியா இருந்துச்சே."

எனக்கும் புரியவில்லை. அதை மேஜையிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். மழுங்கியாவது கிடைக்கும் என்று இருந்தேன். இப்போது அதுவும் இல்லை.

பம்ப்செட் வளைவில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. க. பானெட்டில் சாய்ந்து நின்றார். என் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்ததும், "அது வேறன்னு சொல்லிட்டியா?" என்றார்.

அவர் முன்சீட்டைத் தூக்கினார். அடியில் பழைய படங்குத் துண்டில் சுற்றி ஒரு பொட்டலம். எடுத்துச் சீட்டின்மேல் வைத்தார். என் கையில் கொடுக்கவில்லை. அந்த நேரத்திலும் அது அவருக்கு நினைவிருந்திருக்கிறது.

கிளி மூக்கில் நான் வைத்த சந்தனப் பொட்டுகூட ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"அன்னைக்கு மேடத்த செண்பகனூருக்குக் கூட்டிட்டுப் போறப்ப போன்ல பேசுனாங்க. எல்லாத்தையும் செவுத்துல மாட்டணும், கூர மழுக்கிரணும்னு. அய்யம்பாளையத்துல பழைய இரும்புக் கடைல பூந்து தேடுனேன். ஒன்ன மாதிரியே ஒண்ணு ஆப்டுச்சு."

"ஒன்ன மாதிரியா?"

"ஒன் கத்தி மாதிரி."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா? மேடம் கேட்டா நேரா சொல்லிருவ. ஒனக்குப் பொய் வராதே. தெறப்பு விழா முடியட்டும், மெதுவாக் குடுப்போம்னு இருந்தேன். நீ என்னடான்னா நடுவுல போயிக் கேட்டுட்டு வந்து நிக்கிற."

"நாலு நாளா நான் ஒங்கள என்னென்னமோ நெனச்சிட்டேங்க."

"தேத்தண்ணி வரலைன்னதுமே தெரிஞ்சுச்சு."

கத்தியை எடுத்துக் கையில் பிடித்தேன். கட்டைவிரல் குழியில் போய் உட்கார்ந்தது. ரோட்டில் நின்றுகொண்டு சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான். பால் வண்டிக்காரர் பார்த்துக்கொண்டே போனார்.

இத்தனை வருடமாக இந்த மனுஷனுக்குப் பார்சல் பிரிக்க மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அக். 7, செவ்வாய்

மழை இல்லை. நல்ல வெயில்.

காலையில் இரண்டு பேருமாகப் போய் மேடத்திடம் நடந்ததைச் சொன்னோம். சொன்னது நான். க. ஜீப்பின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயம், வேலைக்கு உலை வைத்துவிட்டேனோ என்று. மேடமோ சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை.

"அண்ணா, முந்தாநாள் வந்த கெஸ்ட் எல்லாரும் அந்த ஒன்பதாவதைத்தான் போட்டோ எடுத்தாங்க. நூறு வருஷ எஸ்டேட் நைஃப்னு நானே பெருமையா சொன்னேன்."

க. தலையைச் சொறிந்தார்.

யாருக்குக் கத்தி வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம், வத்தலக்குண்டில் கொடுத்துக் கூர் போட்டுத் தருகிறேன் என்று பெரட்டில் வந்து எல்லார் முன்னாலும் சொன்னார். இனிமேல் லிஸ்டில் யாருடையது என்று ஒரு கட்டம் போட வேண்டும் என்றார், போட்டுவிட்டேன். கேட்டு வாங்கியவர்கள் மூன்று பேர்தான். பொன்னுத்தாய் முதல் ஆளாக. பேச்சிக்கு வேண்டாமாம்.

"எங் கத்தி செவுத்துலயே கெடக்கட்டும்த்தா. இத்தன வருசம் சேத்துல கெடந்துச்சு, இனியாச்சும் பங்களால இருக்கட்டும். எனக்கு ரம்பம் போதும்."

அதுவும் நியாயம். மஞ்சள் கோட்டை நான் பேச்சிக்கே கொடுத்தேன், இரண்டாவதாக வைத்துக்கொள் என்று. பூட்ஸ் இருக்கட்டும். டியூப் ஒட்டு இனி தாங்காது என்ற நாளில் பார்ப்போம்.

காட்டில் இறங்கினேன். படங்கு, கயிறு, கயிற்றில் கத்தி. முதல் செடி, முதல் கொப்பு, ஒரு இழு. வெட்டு வழுக்கியது. மறுபடி இழுத்தேன், விழுந்தது. வெட்டுவாய் பிசிறு.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கிளி மூக்கு ஓரம் கூர் அலை அலையாக இருந்தது. தேய்க்கக் கூடாத பக்கம் தேய்த்திருக்கிறது. அப்போதுதான் ஈரமாகக் கிடந்த தீட்டுக்கல்லும் க. விரலின் பிளாஸ்திரியும் ஞாபகத்துக்கு வந்தன. மழையில், எனக்குத் தெரியாமல், கல்லை ஜீப்புக்குக் கொண்டுபோய் உள்ளே உட்கார்ந்து தீட்டியிருக்கிறார்.

சரிசெய்ய ஒரு வாரம் ஆகும். கல் வீட்டில்தான் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது எடுக்கலாம் என்று போனேன். எடுக்கவில்லை. நாள் முழுக்க ஒரு வெட்டுக்கு இரண்டு வெட்டாகப் போட்டேன். பேச்சி என்னை முந்திக்கொண்டு போய் அடுத்த வரிசையில் நின்று கேலி செய்தாள்.

சாயங்காலம் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். க. புது டார்ச்சுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"கூரு எப்புடி இருக்கு?"

"நல்லா வெட்டுதுங்க" என்றேன்.